ஒப்புக்கு உறவு

எனக்கு எழுத்து வந்தது ஐம்பத்தெட்டு வயதுக்கு மேல். அதற்கு முன்னால் கையெழுத்துப் போடுவேன், பஸ் நம்பர் படிப்பேன், எந்த மருந்து பாட்டில் எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அது போதும் என்று இருந்தேன். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள் நான். ஒரு நாளாவது கறை பட்ட சேலையோடு வார்டுக்குள் கால் வைத்ததில்லை. பெரிய டாக்டர்கள்கூட என்னை 'வாங்கம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். படிப்பில்லாதவள் என்று யாரும் குறைத்துப் பேச நான் இடம் வைக்கவில்லை.

ரிட்டையர் ஆன பிறகு மத்தியானங்கள் நீளமாகிவிட்டன. எங்கள் சர்ச் போதகரின் மனைவி, நாங்கள் பாஸ்டரம்மா என்று கூப்பிடுவோம், வியாழக்கிழமைகளில் கோயிலுக்குப் பக்கத்து அறையில் எழுத்துத் தெரியாத பெண்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். தெருவில் இருக்கிற போர்டெல்லாம் கன்னடம், ஆஸ்பத்திரியில் இருக்கிறதெல்லாம் இங்கிலீஷ். தமிழ் வாயில் மட்டும் இருந்தது. வேதத்தை நாமே படிக்கலாம் என்று பாஸ்டரம்மா சொன்னதால் போனேன். மூன்று மாதத்தில் எழுத்துக் கூட்ட வந்துவிட்டது. சின்ன ர, பெரிய ற இரண்டும்தான் தகராறு. காதுக்கு ஒன்றாகவே கேட்டன.

"ஒண்ணே இருந்தா இன்னா கெட்டுப்போகுது?" என்று கேட்டேன்.

"அர்த்தம் கெட்டுப்போகும்மா" என்றார் பாஸ்டரம்மா.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இப்போது வீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மர்பி டவுனில் எங்கள் வீடு மாமனார் கட்டியது. நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். ஒரு பாதியில் நான். மறு பாதியில் என் கணவரின் அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தி. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வாசல் இரண்டு, முற்றம் ஒன்று, குழாய் ஒன்று. அவருடைய கணவர் முன்னாலேயே போய்விட்டார். மகன் ஓசூரில் கம்பெனி வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவான். என் மகள் கல்யாணமாகி மெட்ராசில் இருந்தாள். ஆக, சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

நாங்கள் ஆறு வருஷம் பேசிக்கொள்ளவில்லை.

தொண்ணூற்று நாலில் என் கணவர் இறந்தார். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். நான் எத்தனையோ பேருக்குச் செய்ததை அவருக்கும் செய்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கண்களை மூடி, தாடையைக் கட்டி, வெந்நீரில் உடம்பைத் துடைத்தேன். தலை சீவி, வெள்ளை வேட்டி கட்டி, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுவிட்டேன். வெளியே சத்தமாக இருந்தது. சாவு வீட்டில் சத்தம் இருக்கும். முக்கால் மணி நேரத்தில் முடித்துக் கதவைத் திறந்தபோது அவர் தூங்குகிற மாதிரி இருந்தார். வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் அழவில்லை. எனக்கு அழுகை வருவதில்லை. அது குறையா என்னவென்று நான் யோசித்ததில்லை.

அடக்கம் முடிந்து வீடு நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கும்போது என் ஓரகத்தி எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: "கண்ணுல ஒரு சொட்டு வந்துதா பாரு. ஆயா வேல பாத்துப் பாத்து பொணம் பழகிப்போச்சு இவளுக்கு. புருஷனும் ஒண்ணுதான், நம்பர் போட்ட கட்டிலும் ஒண்ணுதான்."

நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். அன்றோடு பேச்சு நின்றது.

ஒரே குழாயை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது லேசான வேலையில்லை. அதனால் நாங்கள் காற்றோடு பேசினோம்.

"யாரோட கொடமோ நடுவுல நிக்குது. கால் இடிச்சா நான் ஜவாப்தாரி இல்ல" என்பார் அவர், வானத்தைப் பார்த்து.

"கண்ணு நல்லா தெரியறவங்க சுத்திக்கினு போலாம்" என்பேன் நான், துணி காயப் போடும் கொடியைப் பார்த்து.

இப்படி ஆறு வருஷம்.

எங்கள் சபையில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து ஒரு டப்பாவில் தனியாகப் போட்டுவிடுவோம். மாதத்தின் முதல் ஞாயிறு அதைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு போய் காணிக்கைப் பாட்டு பாடும்போது முன்னால் மேஜையில் வைப்போம். இல்லாதவர்களுக்குப் பிறகு பிரித்துக்கொடுப்பார்கள். என் பை வெள்ளைக் காடாத் துணியில் நானே தைத்தது. கல், குறுநொய் எதுவும் இருக்காது. என் பையைப் பார்த்து மற்றவர்கள் தங்கள் பையைத் துவைத்துக்கொண்டு வந்தார்கள் என்றே சொல்லலாம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் பை கொண்டுபோக வேண்டிய நாள், பெரிய எழுத்து வேதத்தை மடியில் வைத்து விரலால் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். மலைப்பிரசங்கம். கோயிலில் எத்தனையோ தடவை கேட்டதுதான். ஆனால் காதால் கேட்பது ஓடிப்போய்விடும். விரல் வைத்துப் படித்தால் எழுத்து நின்று பார்க்கிறது. காணிக்கை கொண்டுவருகிற இடத்தில், உன்மேல் ஒருவருக்குக் குறை இருக்கிறது என்று ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்று இருந்தது. போய் அவரோடு என்ன செய்ய வேண்டும் என்கிற இடத்தில் ஒரு வார்த்தை. விரல் அங்கே நின்றது.

ஒப்பு. ரவாகி. ஒப்புரவாகி.

மூன்று தடவை கூட்டினேன். பிறகு புரிந்தது. ஒப்பு, உறவாகி. ஒப்புக்கு உறவாகி. பெரிய ற போட வேண்டிய இடத்தில் சின்ன ர விழுந்திருக்கிறது, அச்சுப் போட்டவர்கள் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். எனக்கே தகராறாக இருக்கிற எழுத்து, அவர்களுக்கும் இருக்கும்தானே.

எங்கள் பக்கத்தில் ஒப்புக்கு என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வோம். மனசில்லாமல் கூப்பிட்டால் ஒப்புக்குக் கூப்பிட்டான். பசியில்லாமல் இரண்டு வாய் சாப்பிட்டால் ஒப்புக்குச் சாப்பிட்டேன். ஆண்டவர் மனிதர்களை அறிந்தவர், அதனால்தான் இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. உள்ளே இருக்கிறதை ஒரே நாளில் கழுவ முடியாது என்று அவருக்குத் தெரியும். முதலில் ஒப்புக்காவது உறவாகு, அப்புறம் வந்து உன் காணிக்கையைக் கொடு. நியாயமாக இருந்தது.

ஒப்புக்கு என்றால் ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர்கள் வார்டில் வேலை பார்த்ததில்லை. சாயங்காலம் நாலு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள். ஒரு பிரெட், இரண்டு ஆரஞ்சு, 'இப்ப எப்படி கீது', பத்து நிமிஷம், அப்புறம் கடிகாரம். ஒப்புக்குத்தான் வருவார்கள், பார்த்தாலே தெரியும். ஆனால் அவர்கள் வருகிற கட்டிலில் இருக்கிறவர்கள் மூன்றரைக்கே தலை வாரிக்கொண்டு எழுந்து உட்காருவார்கள். ஒப்புக்குக்கூட ஆள் வராத கட்டில்களும் உண்டு. அவற்றையும் நான்தான் துடைத்தேன்.

மறுநாள் காணிக்கைப் பாட்டில் பையைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். வைத்ததும் திரும்பி என் பெஞ்சுக்குப் போகாமல் நேராக வாசலுக்குப் போனேன். வேதத்தில் அப்படித்தான் இருந்தது. வைத்துவிட்டுப் போ. ஆராதனை முடிந்து போ என்று இல்லை.

வாசலில் மணியடிக்கிறவர் நின்றிருந்தார்.

"இன்னாமா, ஒடம்பு சரியில்லயா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. வேல கீது."

"இப்பவா? பிரசங்கமே இன்னும் ஆரம்பிக்கலயே."

"ஆரம்பிக்கட்டும். நான் செய்யப் போறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். கோயிலிலிருந்து வீட்டுக்குக் கால் மணி நேர நடை. ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடையில் கூட்டம். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தேன். மூன்று காரியம் போதும் என்று முடிவு செய்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது, கொடுத்தால் ஒரு வாய் குடிப்பது, போய்வருகிறேன் என்று சொல்வது.

என் ஓரகத்திக்கு முட்டி வலி, சுகரும் இருந்தது. அதனால் அப்போதெல்லாம் அவர் கோயிலுக்கு வருவது குறைந்துவிட்டது. நான் போகும்போது குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து போட்டி கழுவிக்கொண்டிருந்தார். ஆட்டுக் குடலை வெந்நீரில் போட்டுச் சுரண்டுகிற வேலை. கை நிற்கவில்லை.

"அக்கா, நல்லா கீறீங்களா?" என்றேன்.

அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"யார கேக்கற?"

"உங்களத்தான்."

"கோயில் அதுக்குள்ள விட்டாச்சா?"

"இல்ல."

"பின்ன? தொரத்திட்டாங்களா உன்ன?"

"அதெல்லாம் இல்ல. ஒரு வாய் காபி இருந்தா குடுங்க."

பிறகு கையைக் கழுவிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி எழுந்து உள்ளே போனார். காபி வந்தது. ஒரு துளி சர்க்கரை இல்லை. வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்று நினைத்தேன். முகத்தைச் சுளிக்காமல் கடைசிவரை குடித்தேன்.

"போய்ட்டு வரேங்கா."

"எங்க?"

"கோயிலுக்கு."

"பைத்தியம்" என்றார், போட்டியைப் பார்த்து.

நான் திரும்பிப் போகும்போது ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். என் பையைப் பக்கத்து அறைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். பாஸ்டரம்மாவிடம் போய் என் பையைக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"அதான் கொடுத்துட்டீங்களேம்மா."

"அப்ப வெச்சேன். இப்பதான் குடுக்கறேன்."

பையை வாங்கிக்கொண்டுபோய் காலி மேஜையில் வைத்தேன். பாஸ்டரம்மா ஒன்றும் கேட்கவில்லை, நானும் விளக்கம் சொல்லவில்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்குக் கிளம்பும் முன் அடுத்த வாசலில் பத்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்தேன். அதே கேள்வி, அதே சர்க்கரையில்லாத காபி. பேச்சு பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, யார் வீட்டில் கல்யாணம், அல்சூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் நன்றாயிருந்ததா. எனக்குள் ஒன்றும் மாறவில்லை. சாவு வீட்டில் அவர் சொன்னது அப்படியேதான் இருந்தது. நான் அதைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ காபியில் சர்க்கரை இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். அந்த வீட்டில் சர்க்கரை தின்கிறவர்கள் யாரும் கிடையாது. அவருக்கு ஆகாது. மகன் வந்தால் ஓட்டலில் காபி குடிப்பான். முதலில் சர்க்கரை இல்லாதது வேண்டுமென்று செய்ததல்ல, வீட்டில் இல்லை. இப்போது யாரோ கடைக்குப் போய் வாங்கியிருக்கிறார்கள்.

அடுத்த வருஷம் அவருடைய வலது கால் பெருவிரலில் செருப்பு கடித்துப் புண் ஆனது. சுகர்காரர்களின் காலில் புண் என்றால் எங்களுக்குத் தெரியும். கேட்காமலே பஞ்சும் துணியும் கொண்டுபோய் நானே கழுவிக் கட்டினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆறுகிற மாதிரி இருக்கும், திரும்ப வாய் திறக்கும். அவர் காலை நீட்டுவார், நான் கட்டுவேன். அதையும் ஒப்புக்கு உறவின் கணக்கிலேயே வைத்தேன்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. பெண்கள் ஐக்கியக் கூட்டம் ஒன்றில், ஒவ்வொருவரும் ஒரு வேதவார்த்தையை வீட்டில் எப்படிக் கைக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும் என்றார்கள். ஒருத்தி, மாமியார் திட்டும்போது வாய் திறக்காமல் இருந்ததைச் சொன்னாள். ஒருத்தி, கண்டெடுத்த மூக்குத்தியைத் திருப்பிக்கொடுத்ததைச் சொன்னாள். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புக்கு உறவாகு என்று ஆண்டவர் சொன்னபடி, ஆறு வருஷம் பேசாத என் ஓரகத்தியோடு இரண்டு வருஷமாக ஒப்புக்கு உறவாயிருக்கிறேன் என்று சொன்னேன்.

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும்.

"இன்னா சிரிப்பு?" என்றேன்.

பாஸ்டரம்மா சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாக உட்காரவைத்து, வேதத்தை விரித்து, அந்த வார்த்தையைக் காட்டினார். சின்ன ரதான், பிழை இல்லை. ஒப்புரவு என்று ஒரே வார்த்தை. இரண்டு பேரும் கசப்பில்லாமல் ஒரே மனசாவது என்று அர்த்தம். ஒப்புக்கு என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் நேர் எதிர்.

"அப்ப ரெண்டு வருஷமா நான் குடுத்த அரிசி?"

"அதெல்லாம் ஆண்டவர் ஏத்துக்கிட்டிருப்பார்ம்மா."

"ஏத்துக்கிட்டிருப்பாரா, ஏத்துக்கினாரா?"

பாஸ்டரம்மா என் கையைப் பிடித்தார். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபம். அந்த மாதம் பை கொண்டுபோகவில்லை. டப்பா நிறைந்து, அதற்கு மேல் ஒரு பாத்திரத்தில் அரிசி சேர்ந்தது. சமையல்கட்டில் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். சரியாகச் செய்யாமல் அதைத் தூக்குவதில்லை என்று முடிவு செய்தேன். சரியாகச் செய்வதென்றால் மனசில் இருக்கிறதை எடுத்துப் போட வேண்டும். மூன்று நாள் ஜெபம் செய்தேன். மன்னிக்க முடிந்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனேன்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமயா?" என்றார் என் ஓரகத்தி. ஆனாலும் காபிக்கு எழுந்தார்.

"காபி இருக்கட்டும்கா. ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு சாவு வூட்ல நீங்க சொன்னத நான் மன்னிச்சுட்டேன். என் மனசுல இப்ப ஒண்ணும் இல்ல."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னா சொன்ன?"

"மன்னிச்சுட்டேன்னு சொன்னேன்."

"நீ? என்னயா? நான் இன்னா தப்பு பண்ணிட்டேன், நீ வந்து மன்னிக்க?"

"பொணம் பழகிப்போச்சுன்னு சொன்னீங்களே, அத்தன பேர் நடுவுல."

"சொன்னேன். இப்பவும் சொல்லுவேன். நான் இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப அவனுக்கு ஆறு வயசுடி. மூக்கு ஒழுக நின்னுக்கினு இருந்தான். குளிப்பாட்டினது நான். தல வாரி உட்டது நான். கடசியா ஒரு தடவ அவன் தலய வார உட்டியா என்னய? தாப்பாள போட்டுக்கினு உள்ள இருந்த. முக்கா மணி நேரம் கதவ தட்டினேன்."

"எனக்குக் கேக்கல."

"கேட்டுது உனக்கு."

கேட்டிருந்தது. வார்டில் கட்டிலைச் சுற்றித் திரை போட்டுவிட்டால் சொந்தக்காரர்கள் வெளியேதான் நிற்பார்கள். அழுவார்கள், கூப்பிடுவார்கள். வேலை முடியாமல் விலக்குவதில்லை, அதுதான் முறை. அன்றைக்கும் அப்படித்தான் இருந்தேன். என் வீடு, என் கணவர் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. கதவைத் தட்டுகிறவருக்கு அவர் யார் என்பதும் தோன்றவில்லை.

அதைச் சொல்லியிருக்கலாம். என் வாய் வேறு ஒன்றைச் சொன்னது: "செய்யத் தெரிஞ்சவ செஞ்சேன். நீங்க உள்ள வந்திருந்தா அழுதுக்கினு கைய கால ஆட்டியிருப்பீங்க."

"போடி வெளிய" என்றார். "ரெண்டு வருஷமா வந்து குந்திக்கினு போறியே, ஒப்புக்குன்னு எனக்குத் தெரியாதா? நானும் ஒப்புக்குத்தான் காபி போட்டேன். அது பாட்டுக்கு நல்லா போய்க்கினு இருந்துது. இப்ப பெரிய மனுஷி மன்னிக்க வந்துட்டா."

நான் வந்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

பதினைந்து நாள் போனது. காற்றோடுகூடப் பேசவில்லை. டப்பாவின் மேல் பாத்திரம், பாத்திரத்தின் மேல் தட்டு வைத்து அரிசி சேர்ந்தது. முதல் வாரம் அவர் நன்றாகத்தான் நடந்தார். இரண்டாவது வாரம் குழாயடிக்கு வரும்போது குதிகாலை மட்டும் ஊன்றி நடந்தார். கட்டுத் துணி அழுக்காக இருந்தது, அவரே கட்டியிருக்கிறார். காற்று இந்தப் பக்கம் அடித்தபோது ஒரு வாடை வந்தது. அந்த வாடை எனக்குத் தெரியும். விரல், பாதம், முட்டி என்று அது எந்த வரிசையில் போகும் என்பதும் தெரியும்.

பஞ்சு, துணி, மருந்து பாட்டில் எடுத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன். மன்னிப்பு, மனசு என்று ஒன்றும் கொண்டுபோகவில்லை.

"அக்கா, கால் எப்படி கீது?"

அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை.

"உள்ளேர்ந்து கேக்கறயா, ஒப்புக்குக் கேக்கறயா?"

"ஒப்புக்குத்தான்."

"அப்ப வா" என்று காலை நீட்டினார்.

அவிழ்த்துப் பார்த்தேன். நுனி கறுத்திருந்தது. கட்டிக்கொண்டு இருக்கிற வேலையில்லை என்று ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியில் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஆட்டோ குலுங்கியதால் என்று வைத்துக்கொள்ளலாம். விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. அந்தப் பதினைந்து நாள் நான் கட்டியிருந்தால் விரலும் தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவளுக்கு அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வார்டில் முதல் நாள் கட்டுப் பிரிக்கும்போது ஒரு சின்ன வயது ஆயா வந்து திரையை இழுத்தாள்.

"சொந்தக்காரங்க வெளிய நில்லுங்கம்மா."

"நானும் ஆயாதான்" என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. வெளியே நின்றேன். திரைக்குள்ளே கிண்ணம் வைக்கிற சத்தம், கத்தரிக்கோல் சத்தம், ஒரு தடவை என் ஓரகத்தி 'அம்மா' என்றது, எல்லாம் கேட்டது. எந்தச் சத்தம் எதற்கென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் தலையணையைச் சரிசெய்துகொண்டே சொன்னேன்: "அன்னிக்கு உங்கள உள்ள உட்டிருக்கணும்."

"ஆமா. உட்டிருக்கணும்" என்றார்.

சாவு வீட்டில் சொன்ன வார்த்தையை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்குள் ஒரே மனசு ஆனதா என்று பாஸ்டரம்மா பிறகு ஒருநாள் கேட்டார். அது எனக்குத் தெரியாது என்றேன். மனசை நான் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். அந்த இடத்தை இப்போது படிக்கும்போது சின்ன ர என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. விரல் மட்டும் அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, சேர்ந்திருந்த அரிசியை எல்லாம் புடைத்து எடுத்தேன். என் காடாப் பை போதவில்லை. தலையணை உறை ஒன்றைத் துவைத்துக் காயவைத்து அதிலும் கட்டினேன். இரண்டையும் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலில் இறக்கிவைத்தேன். என் ஓரகத்தி கம்பு ஊன்றி நடக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

"இன்னாடி இது, கட கிட வெக்கப் போறியா?"

"பிடி அரிசி."

"இவ்ளோவா? எவ்ளோ நாளு கொண்டு போவல?"

"கொஞ்ச நாளு."

அவர் உள்ளே போனார். ஒரு கையில் கம்பு, ஒரு கையில் டம்ளர், காபி தளும்பித் தளும்பி வந்தது. உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"நல்லா கீறீங்களாக்கா?"

"கீறேன். குடி, கோயிலுக்கு நேரமாச்சு."

குடித்தேன். சர்க்கரை இருந்தது.